முடிவு எப்போது சொல்லப்படுகிறது? ஜப்பானிய ஆய்வு நடையும் ஆங்கில ஆய்வு நடையும்

ஜப்பானிய மொழியில் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பின் உதவியால் ஆங்கிலத்தில் படிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் குறை ஒன்று உண்டு. வாக்கியம் ஒவ்வொன்றும் பிழையின்றி இருக்கிறது. ஆனால் கட்டுரை எதை நிறுவ வருகிறது என்பது கடைசிப் பக்கம் வரை பிடிபடுவதில்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆங்கிலத்திலேயே எழுதி அனுப்பும் கட்டுரைகளைப் பற்றி ஆங்கில ஆய்விதழ்களின் மதிப்பாய்வாளர்களும் நெடுங்காலமாக இதையேதான் சொல்லி வந்திருக்கிறார்கள். மறுபக்கத்தில், முன்னுரையில் ஒருமுறை, நடுவில் ஒருமுறை, இறுதியில் ஒருமுறை என்று ஒரே முடிவைத் திரும்பத் திரும்பச் சொல்லும் ஆங்கிலக் கட்டுரை, ஜப்பானிய வழக்கில் ஊறிய வாசகருக்குத் தன்னைச் சிறுபிள்ளையாக நடத்துவதுபோல் தோன்றுவதிலும் வியப்பில்லை.

இலக்கணப் பிழை இருந்த காலத்தில் எல்லாப் பழியையும் அதன்மேல் போட்டுவிட முடிந்தது. இயந்திரம் இலக்கணத்தைச் சரிசெய்து கொடுத்த பின்னும் குழப்பம் நீங்காததால்தான், அதற்குக் கீழே இருப்பது என்ன என்று இப்போது கேட்க வேண்டியிருக்கிறது.

## ஒரே ஆய்வு, இரண்டு வரிசை

எடுத்துக்காட்டுக்காக ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். ஜப்பான் கடலை ஒட்டிய மலைப்பகுதிகளில் குளிர்காலத்தில் ஆளுயரத்துக்கும் மேல் பனி குவியும். கூரையில் சேரும் பனியை ஏறித் தள்ளாவிட்டால் பாரம் தாங்காமல் வீடே நொறுங்கிவிடலாம். ‘யுகி-ஒரோஷி’ எனப்படும் இந்த வேலையை, நடவுக்கும் கூரை வேய்வதற்கும் போலவே, ‘இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு’ என்னும் ஏற்பாட்டில் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் செய்துகொடுத்து வந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் முதியவர்களே மிஞ்சிய பிறகு, கூலிக்கு ஆள் வைக்க ஊராட்சி மானியம் தருகிறது. இந்த மானியம் அண்டை வீட்டு ஒத்துழைப்பைக் குறைத்துவிட்டதா என்பதே ஆய்வின் கேள்வி.

ஜப்பானிய மொழியில், குறிப்பாகச் சமூகவியல், நாட்டாரியல் போன்ற துறைகளில், இந்தக் கட்டுரை பெரும்பாலும் இப்படிச் செல்லும்:

1. இப்பகுதியில் பனி எவ்வளவு பெய்கிறது, மக்கள்தொகை எப்படி முதுமை அடைந்துவருகிறது.
2. பழைய ஒத்துழைப்பு முறை எப்படி நடந்தது.
3. மானியத் திட்டம் எப்போது, எவ்வாறு வந்தது.
4. மூன்று முதியவர்களிடம் எடுத்த நேர்காணல்களின் விவரம்.
5. இவற்றைச் சேர்த்துப் பார்க்கையில், மானியம் ஒத்துழைப்பைத் தளர்த்தியிருக்கக்கூடும் என்றும் எண்ண இடமிருக்கிறதல்லவா என்னும் ஒரு வாக்கியம்.

ஆங்கிலத்தில் அந்த ஐந்தாம் செய்தி முதல் பக்கத்துக்கு வந்துவிடும்: ‘மானியம் ஒத்துழைப்பைத் தளர்த்தியது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.’ பனி, மக்கள்தொகை, வரலாறு, நேர்காணல் ஆகிய யாவும் அந்த வாக்கியத்துக்குச் சாட்சி சொல்ல வரிசையாக அழைக்கப்படும். சாட்சியம் சொல்லாத விவரம் எதுவாக இருந்தாலும், அது எவ்வளவு சுவையானதாக இருந்தாலும், வெட்டப்படும்.

இரண்டிலும் இருக்கும் செய்தி ஒன்றே. வேறுபடுவது, முடிவு வாசகர் கைக்கு வந்துசேரும் நேரம். அது வரும்வரை விவரங்களைச் சுமந்து நிற்பவர் யார் என்பது. நடை பற்றிய மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவற்றை இந்த இரண்டிலிருந்தே விளக்கிவிடலாம்.

## சுருள்கோட்டுப் படமும் அதன் பிழையும்

இந்த வேறுபாட்டை முதலில் பரவலாகப் பேசவைத்தவர் அமெரிக்க மொழியியலாளர் ராபர்ட் கப்லன். வெளிநாட்டு மாணவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைகளை வைத்து 1966-இல் அவர் வெளியிட்ட ஆய்வில் ஐந்து சிறு கோட்டுப் படங்கள் இருந்தன. ஆங்கிலச் சிந்தனை நேராகக் கீழிறங்கும் கோடு. ‘கீழைத்தேய’ சிந்தனை மையத்தை நோக்கிச் சுழன்று செல்லும் சுருள். படம் மனத்தில் எளிதில் பதிந்துவிடுவதால் பாடநூல்களில் அது பரவியது. கிழக்காசியர்கள் வட்டமாகத்தான் சிந்திப்பார்கள் என்ற பேச்சுக்கும் அது துணைபோயிற்று.

படத்தின் குறைகள் வெளிப்படையானவை. மாணவர்கள் தம் தாய்மொழியில் எழுதியதை அது பார்க்கவில்லை. கற்றுக்கொண்டிருந்த இரண்டாம் மொழியில் எழுதியதை வைத்தே சிந்தனையை எடைபோட்டது. பல மொழிகளை ஒரே ‘கீழைத்தேய’ மூட்டையில் கட்டியது. ஆங்கிலத்தின் நேர்கோடு இயல்பானது, மற்றவை அதிலிருந்து விலகியவை என்ற எண்ணத்தையும் உள்ளே வைத்திருந்தது. வேறுபாட்டை மிகைப்படுத்திவிட்டதாகக் கப்லனே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

ஆங்கில ஆய்வு நடையின் நேர்கோட்டுத் தன்மையும் ஒரு காலத்தில் வலிந்து உண்டாக்கப்பட்டதே. லண்டன் ராயல் சொசைட்டியின் வரலாற்றை 1667-இல் எழுதிய தாமஸ் ஸ்ப்ராட், அலங்காரப் பேச்சைக் கைவிட்டுக் கணிதத்தைப் போன்ற வெற்று நடைக்குத் திரும்பும்படி அதன் உறுப்பினர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டதைப் பெருமையாகப் பதிவு செய்கிறார். அப்படிக் கேட்க வேண்டியிருந்தது என்றால், அன்றைய ஆங்கில நடை அப்படி இல்லை என்றுதானே பொருள்?

## வாக்கியத்தின் கிளையும் தண்டும்

கப்லனின் படம் வந்த அதே 1966-இல், இதைவிட நுட்பமான ஒரு கவனிப்பு ஜப்பான் இயற்பியல் கழகத்தின் இதழில் வந்தது. எழுதியவர் பிரிட்டிஷ் இயற்பியலாளர் அந்தோணி லெக்கெட். பின்னாளில், 2003-இல், நோபல் பரிசு பெற்றவர். கியோத்தோ பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஜப்பானிய இயற்பியலாளர்களின் ஆங்கிலக் கட்டுரைகளைப் பார்த்த அனுபவத்திலிருந்து, அவர்களுக்கு உதவும் குறிப்புகளாக அதை எழுதினார்.

லெக்கெட் இரண்டு மரங்களைக் கொண்டு விளக்கினார். ஜப்பானிய நடையில் கிளைகள் முதலில் வருகின்றன; ஒவ்வொன்றும் எங்கிருந்தோ புறப்பட்டுக் கடைசியில் தண்டில் வந்து சேர்கிறது. தண்டு தெரியும்வரை வாசகர் கிளைகளைக் கையில் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். ஆங்கில நடையில் தண்டு முதலிலேயே தெரிந்துவிடுகிறது; கிளைகள் அதிலிருந்து பிரிகின்றன. ஜப்பானிய மொழியில் சில கருத்துகளை அடுத்தடுத்து வைத்துவிட்டு, அவற்றுக்கிடையே உள்ள தொடர்பு பத்தி முழுவதையும், சில நேரம் கட்டுரை முழுவதையும் படித்த பிறகே விளங்கும்படி விடுவது ஏற்கப்படுவதாகத் தெரிகிறது என்றும், ஆங்கிலத்தில் ஒவ்வொரு வாக்கியமும் அதற்கு முன் எழுதப்பட்டதை மட்டும் கொண்டு முழுமையாக விளங்க வேண்டும் என்றும் அவர் எழுதினார். இந்தப் பொருளில் எழுதப்பட்ட எத்தனையோ பக்கங்களைவிட அந்த ஒரு குறிப்பு பயனுள்ளது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

கிளை முதலில் வருவதற்கு மொழியமைப்பு ஓரளவு காரணம். ஜப்பானிய வாக்கியத்தில் வினை கடைசியில் வரும்; பெயரை விளக்கும் தொடர்கள் யாவும் பெயருக்கு முன் வரும். தமிழ் வாசகருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ‘நேற்று நூலகத்தில் பார்த்த புத்தகத்தை எழுதிய பேராசிரியர்’ என்னும்போது பேராசிரியர் கடைசியில்தான் வருகிறார். ஆங்கிலத்தில் அவர் முதலில் வந்து நிற்பார், நூலகமும் நேற்றும் அவருக்குப் பின்னால் வரும். தமிழின் சொல்வரிசையும் ஜப்பானிய மொழியின் சொல்வரிசையும் இதில் ஒரே அச்சு.

ஆனால் வாக்கியத்தின் வரிசையிலிருந்து கட்டுரையின் வரிசைக்கு ஒரே தாவாகத் தாவிவிடக் கூடாது. ஜப்பானிய நாளிதழ்ச் செய்தியை எடுத்துப் பார்த்தால், யார் என்ன செய்தார்கள் என்பது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. விவரங்கள் முக்கியத்துவம் குறையும் வரிசையில் கீழே இறங்குகின்றன. அதே மொழி, அதே வினைமுற்று, ஆனால் முடிவு முதலில். இலக்கணம் ஒரு பழக்கத்துக்கு வசதி செய்து தரும், கட்டாயப்படுத்தாது.

## பத்தி என்பது எது?

ஆங்கிலக் கட்டுரையின் அடிப்படை அலகு பத்தி. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த அலெக்சாண்டர் பெயின் 1866-இல் எழுதிய பாடநூலில் பத்திக்கு வகுத்த விதிகள்தான் இன்றும் பள்ளிகளில் வேறு வேறு பெயர்களில் கற்பிக்கப்படுகின்றன: ஒரு பத்திக்கு ஒரு கருத்து, அந்தக் கருத்தைத் தொடக்கத்திலேயே சுட்டும் தலைமை வாக்கியம், மற்ற வாக்கியங்கள் யாவும் அதற்கு ஊழியம். பழகிய வாசகர் ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் படித்துக்கொண்டே போய்க் கட்டுரையின் சாரத்தைப் பிடித்துவிடலாம்.

ஜப்பானிய ‘தன்ராகு’ பார்வைக்குப் பத்தி போன்றதே. முதல் வரி ஓர் எழுத்து இடம் விட்டுத் தொடங்கும். இந்த அச்சு வழக்கம் மெய்ஜி காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மேலைநாட்டு நூல்களின் தாக்கத்தால் பரவியது. இடம் விடும் வழக்கம் வந்த அளவுக்கு, ‘ஒரு பத்திக்கு ஒரு கருத்து’ என்னும் விதி உடன் வரவில்லை. ஜப்பானியப் பள்ளிகளில் இன்றும் இரண்டு வகைத் தன்ராகு கற்பிக்கப்படுவதே இதற்குச் சான்று. வரி உள்தள்ளித் தொடங்குவதால் கண்ணுக்குத் தெரியும் ‘கெய்ஷிகி தன்ராகு’ ஒன்று. பொருளால் ஒன்றுசேரும் சில பத்திகளை வாசகரே தொகுத்துக்கொள்ளும் ‘இமி தன்ராகு’ மற்றொன்று. இரண்டும் ஒன்றாகவே இருந்துவிட்டால் இரண்டு பெயர் தேவைப்பட்டிருக்காது. எங்கே பொருள் திரும்புகிறது என்பதைக் கண்டுபிடிப்பது அங்கே வாசிப்புப் பயிற்சியின் ஒரு பகுதி; ஆங்கிலப் பள்ளியில் அதைக் காட்டிக்கொடுப்பது எழுத்துப் பயிற்சியின் ஒரு பகுதி.

## நூலிழை வணிகரின் மகள்கள்: கி-ஷோ-தென்-கெட்சு

ஜப்பானிய நடையைப் பற்றிய பேச்சில் தவறாமல் வரும் சொல் இது. சீன நான்கடிச் செய்யுளின் அமைப்பிலிருந்து வந்த நான்கு படிகள்: தொடக்கம், தொடர்ச்சி, திருப்பம், முடிப்பு. இதை விளக்க, கவிஞரும் வரலாற்றாசிரியருமான ராய் சன்யோ (1780–1832) பெயரில் வழங்கும் ஒரு பாட்டைப் பள்ளிகளில் சொல்வார்கள். ஊரும் வயதும் மாறிய வடிவங்கள் பல உண்டு, ஒன்று இது:

1. கியோத்தோ ஐந்தாம் தெருவில் நூலிழை வணிகரின் மகள்கள்;
2. அக்காளுக்கு வயது பதினாறு, தங்கைக்குப் பதினான்கு;
3. நாட்டுத் தலைவர்கள் கொல்வது வில்லாலும் அம்பாலும்;
4. நூல் வணிகரின் மகள்கள் கொல்வது கண்ணால்.

மூன்றாம் அடியில் தலைவர்களும் வில்லும் ஏன் வந்தார்கள் என்பது நான்காம் அடி வரும்வரை தெரியாது. அந்த ஒரு கணத் திகைப்பே பாட்டின் உயிர். கண்ணை வேலாகவும் அம்பாகவும் பாடிப் பழகிய தமிழ்க் காதுக்கு இது உடனே சுவைக்கும். நான்கு கட்டச் சித்திரக் கதைகள் இன்றும் இந்த அமைப்பில்தான் நகைச்சுவையை வைக்கின்றன.

இதே உத்தி வாதத்துக்குள் வந்தால் என்ன ஆகும்? நம் பனிக் கட்டுரையின் நடுவில், திடீரென்று ஒரு தீவின் மீனவர் வலையிழுக்கும் முறை பற்றி இரண்டு பத்திகள் வந்து, இறுதியில் அது பனியோடு இணைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வாசகர் திருப்பம் வந்துவிட்டதென்று காத்திருப்பார். ஆங்கில மதிப்பாய்வாளர் ‘தொடர்பற்றது, நீக்கவும்’ என்று ஓரத்தில் எழுதுவார்.

1980-களில் அமெரிக்க மொழியியலாளர் ஜான் ஹைண்ட்ஸ் இந்த அமைப்பை ஆங்கில உலகுக்கு விளக்கினார். அவர் எடுத்துக்கொண்ட முதன்மைச் சான்று, அசாஹி ஷிம்புன் நாளிதழின் முதல் பக்கத்தில் வரும் ‘தென்செய் ஜிங்கோ’ என்னும் பத்தி எழுத்து. பத்தி பிரிக்காமல் கறுப்பு முக்கோணக் குறிகளால் பொருள் திரும்பும் இடத்தைக் காட்டிச் செல்லும் குறுங்கட்டுரை அது. 1987-இல் ஹைண்ட்ஸ் இதிலிருந்து ஒரு பாகுபாட்டை வகுத்தார்: ஆங்கிலம் ‘எழுதுபவர் பொறுப்பு’ மொழி, அங்கே புரியாமல் போனால் குற்றம் எழுதியவருடையது, ஜப்பானியம் ‘வாசகர் பொறுப்பு’ மொழி, அங்கே கருத்துகளை இணைத்துக்கொள்ளும் கடமை படிப்பவருடையது.

பாகுபாடு பயனுள்ளது; சான்றுதான் பலவீனமானது. ஜப்பானில் பிறந்து வட அமெரிக்காவில் பணியாற்றிய கல்வியியலாளர் ரியூகோ குபோதா 1997-இல் இதைச் சுட்டிக்காட்டினார். நாளிதழின் இலக்கியச் சாயல் கொண்ட பத்தியை வைத்துக்கொண்டு ஒரு மொழியின் எழுத்து முழுவதற்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஜப்பானில் வெளிவரும் கட்டுரை எழுதும் கையேடுகள் பலவும் ஆய்வுக்குப் பரிந்துரைப்பது முன்னுரை, உடல், முடிவுரை என்னும் மூன்று பகுதி அமைப்பையே. உண்மையில் ஜப்பானிய இயற்பியல் கட்டுரையிலோ மருத்துவக் கட்டுரையிலோ கி-ஷோ-தென்-கெட்சுவைத் தேடுவது வீண்வேலை. முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்னும் உலகப் பொது அமைப்பே அங்கும். நான்கு படி அமைப்பின் வாசனை மிஞ்சியிருப்பது இலக்கியம், வரலாறு போன்ற மனிதவியல் துறைகளிலும், அங்கேயும் பத்திக்குள்ளும் முன்னுரையிலும்தான்.

## ஒரு வாக்கிய முடிவைப் பிரித்துப் பார்த்தல்

பனிக் கட்டுரையின் கடைசி வாக்கியம் ஜப்பானிய மொழியில் ‘தோ மோ காங்கயெராரேரு நோ தெவா நாய் தாரோ கா’ என்று முடியக்கூடும். அதன் உறுப்புகள் இவை:

1. ‘காங்கயெரு’ என்றால் எண்ணுதல்.
2. அது ‘காங்கயெராரேரு’ ஆகும்போது ‘எண்ணப்படுகிறது’, ‘எண்ண முடிகிறது’, ‘எண்ணம் தானாக எழுகிறது’ என்னும் மூன்றில் எதுவாகவும் கொள்ளலாம். எண்ணுபவர் யார் என்பது மறைந்துவிட்டது.
3. ‘தோ மோ’ என்பது ‘என்றும்’. வேறு விதமாகவும் எண்ணலாம் என்பதற்கு இடம் விடும் உம்மை.
4. ‘நோ தெவா நாய்’ என்பது ‘அல்லவா’வுக்கு அருகில் வருவது.
5. ‘தாரோ’ ஊகத்தைக் குறிப்பது, தமிழ்ப் ‘போலும்’.
6. ‘கா’ வினா.

தமிழில் ‘என்றும் எண்ண இடமிருக்கிறதல்லவோ’ என்று ஏறக்குறைய உறுப்புக்கு உறுப்பு வைத்துவிடலாம். ஆங்கிலத்தில் முடியாது, ஒருமுறை எதிர்மறுத்து ஒருமுறை கேள்வி கேட்கும் வாக்கியம் அங்கே எழுதியவருக்கே தம் கருத்தில் நம்பிக்கை இல்லை என்ற பொருளைத் தந்துவிடும். லெக்கெட்டும் தம் குறிப்பில் இதே வகையான ‘தெ அரோ’ போன்ற முடிவுகளைத் தனியே எடுத்துப் பேசுகிறார்; ஆங்கிலத்தில் அவற்றுக்கு நேர் இணை இல்லை என்பதே அவர் சந்தித்த இடர்.

ஆனால் இது தயக்கம் மட்டுமே என்று கொள்வதும் பிழை. ஜப்பானிய வாசகர் இந்த வாக்கிய முடிவைப் பார்த்ததும், ‘இதோ, ஆசிரியரின் சொந்தக் கருத்து இங்கே இருக்கிறது’ என்று அடையாளம் கண்டுகொள்கிறார். சாதாரண ‘தெ அரு’, அதாவது ‘ஆகும்’, என்று முடியும் வாக்கியம் யாவரும் ஒப்பும் செய்தி. வளைந்து முடிவது ஆசிரியரின் வாதம். ஆங்கில ஆசிரியர் ‘நான் வாதிடுகிறேன்’ என்னும் சொல்லால் செய்வதை ஜப்பானிய ஆசிரியர் வினைமுற்றின் வளைவால் செய்கிறார்.

தன்னைக் குறிப்பதிலும் இந்த ஒதுக்கம் தொடர்கிறது. ‘நான்’ என்பதற்குப் பதில் ‘ஹிஷ்ஷா’, அதாவது ‘எழுதுபவர்’. ‘இக்கட்டுரை’ என்பதற்கு ‘ஹோன்கோ’. தம் முந்தைய கட்டுரையை மேற்கோள் காட்டும்போது ‘செக்கோ’, அதாவது ‘என் பழுதான படைப்பு’. ஆங்கிலத்தில் ‘நான் அறிந்தவரையில் இது குறித்து ஆய்வு இல்லை’ என்று எழுதும் இடத்தில் ஜப்பானியர் எழுதும் ‘கன்கென் நோ ககிரி’ என்பதன் நேர்ப்பொருள், குழாய் வழியே பார்க்கும் என் குறுகிய பார்வைக்கு எட்டியவரை என்பது. அவையடக்கம் பாடாமல் நூல் தொடங்காத மரபுக்கு இது புதிதன்று. இயந்திரம் இதை ‘நான் அறிந்தவரையில்’ என்று மாற்றிவிடுகிறது. அது சரியான மொழிபெயர்ப்பே.

ஆங்கிலம் தயங்காது என்றும் எண்ண வேண்டாம். டிஎன்ஏ-வின் இரட்டைச் சுருளை அறிவித்து வாட்சனும் கிரிக்கும் 1953 ஏப்ரலில் வெளியிட்ட கட்டுரையின் முதல் வாக்கியம், ஓர் அமைப்பை முன்மொழிய விரும்புவதாக நேரடியாகச் சொல்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய செய்தியை, அதாவது மரபுப்பொருள் படியெடுக்கப்படும் வழியை, அது தங்கள் கவனத்திலிருந்து தப்பிவிடவில்லை என்று இறுதியருகே ஒரு வாக்கியத்தில் மட்டும் மறைபொருளாகச் சொல்லி நகர்கிறது. எதைத் துணிந்து சொல்வது, எதை அடக்கிச் சொல்வது என்பதில்தான் இரு மரபும் வேறுபடுகின்றன.

## ‘கா’ என்னும் வசதியான இணைப்பு

இரண்டு தொடர்களை இணைக்கும் ஜப்பானிய இடைச்சொல் ஒன்று உண்டு. ஆங்கில g ஓசையோடு ‘கா’ என ஒலிப்பது, மேலே கண்ட வினா ‘கா’ அன்று. ‘மழை பெய்தது, கா, ஆட்டம் நடந்தது’ என்னும்போது அது ‘ஆனால்’. ‘இந்த ஆய்வு இருக்கிறதே, கா, மூன்று பகுதிகளைக் கொண்டது’ என்பது போன்ற இடத்தில் அதற்கு எதிர்மறைப் பொருளே இல்லை, வெறும் ஒட்டு. சமூகவியலாளர் இக்குதாரோ ஷிமிசு 1959-இல் ஆய்வு எழுதுவது பற்றி வெளியிட்ட சிறுநூலில், இந்த ஒற்றை எழுத்திடம் எச்சரிக்கையாக இருங்கள் என்றே ஓர் அத்தியாயம் எழுதினார். இரண்டு செய்திகளுக்கு இடையே இருப்பது காரணமா, முரணா, வெறும் அடுத்தடுத்த நிகழ்வா என்று எழுதுபவர் முடிவு செய்யாமலேயே வாக்கியத்தை முடித்துவிட அது வழி செய்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. ‘மானியம் வந்தது, கா, ஒத்துழைப்பு குறைந்தது’ என்று எழுதிவிடலாம். மானியத்தால் குறைந்ததா, மானியம் வந்தும் குறைந்ததா என்பதை வாசகர் பார்த்துக்கொள்வார். ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் அந்த இடத்தில் ஏதேனும் ஓர் இணைப்புச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இயந்திரம் பெரும்பாலும் ‘ஆனால்’ என்று போட்டுவிட்டுப் போய்விடுகிறது. இல்லாத முரண் ஒன்று அங்கே பிறக்கிறது.

## முன்னுரை யாருக்காக?

ஆங்கில ஆய்வு முன்னுரைகளை ஆராய்ந்த ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் அவற்றில் மூன்று நகர்வுகளைக் காட்டினார்: இந்தக் களம் முக்கியமானது என்று நிறுவுவது, அதில் யாரும் தொடாத ஓர் இடைவெளி இருப்பதாகக் காட்டுவது, அந்த இடைவெளியில் தம் ஆய்வைக் கொண்டுபோய் உட்காரவைப்பது. இரண்டாம் நகர்வுதான் ஜப்பானிய முன்னுரையில் மெலிந்து காணப்படுவது. பிறர் ஆய்வில் குறை இருப்பதாக வெளிப்படையாகச் சொல்லாமல், ‘இன்னார் இதை ஆராய்ந்துள்ளார், இன்னார் அதை ஆராய்ந்துள்ளார்’ என்று அடுக்கிவிட்டு, ‘இக்கட்டுரையில் இது பற்றிச் சிந்திக்க விரும்புகிறேன்’ என்று ‘ஹஜிமே நி’ என்னும் முன்னுரைப் பகுதி முடிந்துவிடும்.

பணிவு மட்டும் இதற்குக் காரணமன்று. ஜப்பானியப் பல்கலைக்கழகத் துறைகள் ‘கியோ’ எனப்படும் சொந்த ஆய்வு மலர்களை வெளியிடுகின்றன. மனிதவியல் கட்டுரைகளில் கணிசமானவை அவற்றில்தான் வருகின்றன. படிப்பவர் பெரும்பாலும் துறைக்குள் இருப்பவர். களம் முக்கியமானது என்று அவரிடம் நிறுவ வேண்டியதில்லை. உலகெங்கும் உள்ள முன்பின் அறியாத மதிப்பாய்வாளரிடம் இடம் கேட்டு நிற்கும் ஆங்கிலக் கட்டுரைக்கு அந்த வசதி கிடையாது. வாசகர் யார் என்பது மாறினால் முன்னுரையும் மாறும்.

## பள்ளியில் தொடங்குவது

சமூகவியலாளர் மசாகோ வதனாபே, ஒரு சிறுவனின் ஒரு நாளைக் காட்டும் படங்களின் வரிசையை ஜப்பானிய, அமெரிக்கத் தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் கொடுத்து எழுதச் சொன்னார். ஜப்பானியச் சிறுவர்கள் பெரும்பாலும் காலையிலிருந்து நடந்த வரிசையில் எழுதினார்கள். அமெரிக்கச் சிறுவர்களில் பலர் நாள் எப்படி முடிந்தது என்று சொல்லிவிட்டு, அதற்குக் காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்றார்கள். ஆய்வுலகுக்கு வர இன்னும் பல ஆண்டுகள் இருக்கும் வயதிலேயே வரிசை பழக்கமாகிவிடுகிறது.

ஜப்பானியப் பள்ளியில் ‘சகுபுன்’ வகுப்பு அனுபவத்தை எழுதச் சொல்கிறது. ‘கன்சோபுன்’ படித்த புத்தகம் மனத்தில் எழுப்பிய உணர்வை எழுதச் சொல்கிறது. ஒரு நிலைப்பாட்டை எடுத்து நிறுவும் ‘ஷோரோன்புன்’ பலருக்குப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும்போதுதான் தீவிரமாக அறிமுகமாகிறது. நீளத்தை அளப்பதும் வேறு: சொற்களை எண்ணாமல், இருபதுக்கு இருபது என 400 கட்டங்கள் கொண்ட ‘கென்கோ யோஷி’ தாளில் எழுத்துகளை எண்ணுகிறார்கள்.

இந்தப் பயிற்சியை மிகக் கடுமையாக விமர்சித்தவர்கள் ஜப்பானியர்களே என்பதை வெளியார் அதிகம் கவனிப்பதில்லை. இயற்பியலாளர் கொரெயோ கினோஷிதா 1981-இல் வெளியிட்ட அறிவியல் எழுத்துக் கையேடு பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றது. முக்கியமானதை முதலில் சொல், உறுதியாகச் சொல்ல முடிந்ததை உறுதியாகவே சொல் என்பவை அதன் அடிப்படைகள். லெக்கெட்டின் மரங்களையும் அவர் அதில் எடுத்தாள்கிறார். அமெரிக்கத் தொடக்கப்பள்ளிப் பாடநூல் ஒன்றில் கண்ட பயிற்சி தம்மை அதிரவைத்ததாக அவர் எழுதுகிறார்: ‘ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் மிகச் சிறந்த குடியரசுத் தலைவர்’, ‘ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர்’. இவற்றில் செய்தி எது, கருத்து எது? பத்து வயதுக் குழந்தைக்கு அங்கே கேட்கப்படும் கேள்வி ஜப்பானிய மொழிப் பாடத்தில் கேட்கப்படுவதில்லை என்பதே அவர் ஆதங்கம். இன்றைய ஜப்பானிய அறிவியல் மாணவர் எழுதும் கட்டுரை, அவருடைய பேராசிரியரின் இளமைக்காலக் கட்டுரையைவிட ஆங்கில நடைக்கு நெருக்கமாக இருப்பதில் அந்தக் கையேட்டுக்கும் பங்குண்டு.

## மொழிபெயர்க்கும்போது

மேற்கண்டவற்றிலிருந்து நடைமுறைக்கு வருவன:

1. ஜப்பானியக் கட்டுரையை இயந்திர மொழிபெயர்ப்பில் படிப்பவர் ‘ஓவரி நி’ என்னும் இறுதிப் பகுதியை முதலில் படித்துவிட்டு முன்னுரைக்குத் திரும்பினால் பாதிக் குழப்பம் தீரும்.
2. ‘எண்ணப்படுகிறது’ என்று மொழிபெயர்ப்பில் வந்தால், எண்ணுவது உலகமா, ஆசிரியரா என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் ஆசிரியரே. பிறர் கருத்தென்று தவறாக எடுத்துக்கொண்டால், கட்டுரையின் மைய வாதத்தையே வேறொருவர் கணக்கில் எழுதிவிட நேரும்.
3. ஆங்கிலத்தில் வெளியிட விரும்புபவருக்கு வாக்கியம் வாக்கியமாக மாற்றுவது போதாது. முடிவைக் கொண்டுவந்து முன்னே வைத்த பிறகு, அதற்குச் சாட்சி சொல்லாத விவரங்களை என்ன செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். வலி அங்கேதான். பனிக் கட்டுரையின் முதியவர் ஒருவர், கூரையிலிருந்து இறங்கியதும் அண்டை வீட்டார் கொடுத்த ‘சாக்கே’ என்னும் சூடான அரிசி மதுவைப் பற்றிச் சொன்னது வாதத்துக்கு எதையும் சேர்க்காது என்று வெட்டப்படலாம். ஒத்துழைப்பு என்றால் அந்த ஊரில் என்ன என்பதை ஜப்பானிய வாசகர் அந்த வரியிலிருந்துதான் புரிந்துகொண்டிருப்பார்.

கடைசி வாக்கியத்துக்கும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். ஜப்பானியக் கட்டுரைகள் பலவும், விடுபட்டவற்றைக் குறிப்பிட்டு, ‘கொங்கோ நோ கதாய் தோ ஷிதாய்’, இதை வருங்காலப் பணியாக வைத்துக்கொள்ள விரும்புகிறேன், என்று முடியும். அங்கே அது விடைபெறும்போது செய்யும் வணக்கம்; யாரும் அதை எண்ணிப் பார்ப்பதில்லை. சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் வைத்தால், வேலையை முடிக்காமல் அனுப்பியிருக்கிறார் என்று மதிப்பாய்வாளர் படிக்கிறார். அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, எந்தக் கேள்வி, எந்த ஊரில், எந்தத் தரவைக் கொண்டு அடுத்து ஆராயப்பட வேண்டும் என்று ஆசிரியரிடமே கேட்டு எழுதிச் சேர்க்கிறார்.